சர்வீஸ் வயரை மண்ணுக்குள்ள கொண்டுபோறது எப்படி

எங்க வீட்டு வாசல்ல ரெண்டு தென்னை, அதுக்கு நடுவுல சர்வீஸ் வயர், அதாவது கரண்ட் போஸ்ட்ல இருந்து வீட்டு மீட்டருக்கு வர்ற வயர். காத்தடிச்சா மட்டை விழும், வயர் அறுந்து தொங்கும், தெருவே வெளிச்சமா இருக்க எங்க வீடு மட்டும் இருட்டுல கிடக்கும். 2016 வர்தா புயலுக்கு அப்புறம் யுஜி கேபிளா, அதாவது மண்ணுக்குள்ள புதைக்கிற கேபிளா மாத்திட்டோம். ஆனா ஒண்ணு, உங்க சர்வீஸ் வயர் அறுந்து கரண்ட் கட்டாகறது மட்டும்தான் இதனால நிக்கும், டிரான்ஸ்ஃபார்மர்ல பிரச்சனைன்னா எல்லாரோடயும் சேர்ந்து உங்களுக்கும் போகும்.

முதல்ல ஏரியா இபி ஆபீஸ்ல ஏஇ-ய (உதவிப் பொறியாளர்) பாத்து மனு குடுங்க. போஸ்ட்ல ஏறி கனெக்‌ஷன் குடுக்கறது அவங்க வேலை, தெரிஞ்ச எலக்ட்ரீஷியன் நான் ஏறிக்கறேன்னு சொன்னா விடவே விடாதீங்க, உயிர் போற விஷயம். ரோட்டை வெட்டணும்னா மாநகராட்சி இல்ல பஞ்சாயத்து அனுமதி தனி.

கேபிள் ஆர்மர்டு எக்ஸ்எல்பிஇ தான் வாங்கணும் (எக்ஸ்எல்பிஇ-ங்கறது கம்பி மேல இருக்கற பிளாஸ்டிக் உறை, ஆர்மர்ங்கறது அதைச் சுத்தி வர்ற உலோகக் கவசம்), சைஸ் உங்க லோடைப் பொறுத்தது, அதையும் அங்கயே கேட்டுக்கோங்க. போஸ்ட்ல இருந்து மீட்டர் வரைக்கும் ஒரே துண்டா இருக்கட்டும். எங்களுக்கு மூணு மீட்டர் பத்தலன்னு நடுவுல ஜாயின்ட் போட்டாங்க, அடுத்த மழையிலயே தண்ணி எறங்கி ஷார்ட் ஆச்சு. தோண்டிப் பாத்தா டேப் கருகிக் கிடக்கு, உள்ள அலுமினியம் வெள்ளைப் பொடியா உதிருது. மேல போற வயர்னா அறுந்தது கண்ணுக்குத் தெரியும், மண்ணுக்குள்ள எங்க போச்சுன்னு கண்டுபிடிக்கவே ரெண்டு நாள் ஆயிடுச்சு.

குழி 75 செமீ ஆழம் இருக்கணும், ஒரு அடி போதும்னு ஆளுங்க சொல்வாங்க, கேக்காதீங்க. அடியில மூணு இஞ்ச் மணல், மேல கேபிள், திரும்ப மணல், அதுக்கு மேல செங்கல் வரிசையா அடுக்கி, பாதி மண்ணு போட்டதும் எச்சரிக்கை டேப் விரிச்சு அப்புறம் முழுசா மூடணும். வண்டி போற இடத்துல ஒரு மீட்டர் ஆழத்துல பைப்புக்குள்ள விடுங்க. மூலையில கேபிளை வெடுக்குனு மடிக்கக் கூடாது, அதோட தடிமன் மாதிரி 12 மடங்கு ஆரத்துல வளைஞ்சு போகணும். போஸ்ட்ல ஏறுற இடத்துல ஆள் உயரத்துக்கு மேல வரைக்கும் ஜிஐ பைப். ஆர்மரை எர்த் பண்ண மறந்துடாதீங்க.

குழிய மூடறதுக்கு முன்னாடி மெக்கர் (கேபிளோட இன்சுலேஷன் நல்லா இருக்கான்னு பாக்கற மீட்டர்) வச்சு டெஸ்ட் பண்ணச் சொல்லுங்க, காம்பவுண்ட் சுவர்ல இருந்து எத்தனை அடி தள்ளி போகுதுன்னு டேப் புடிச்சு ஃபோட்டோவும் எடுத்து வைங்க, நாளைக்கு குழாய் போட கடப்பாரையோட வர்றவர்கிட்ட காட்டணும்.