கிளியரிங் ஆபீஸ் கம்ப்யூட்டரில் கூகுள் டிரைவ்: போடுவதும் பராமரிப்பதும்

சரக்கை கஸ்டம்ஸில் விடுவித்துத் தரும் சென்னை தம்புச் செட்டித் தெரு, லிங்கிச் செட்டித் தெரு கிளியரிங் ஆபீஸ்களில் நாலைந்து கம்ப்யூட்டர் இருந்தால், பில் ஆஃப் என்ட்ரி (இறக்குமதிச் சரக்குக்கு கஸ்டம்ஸில் தாக்கல் செய்யும் படிவம்), இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட் எல்லாம் நாலைந்து டெஸ்க்டாப்பில் சிதறிக் கிடக்கும். கஸ்டம்ஸ் புரோக்கர் ஆவணங்களைக் குறைந்தது 5 ஆண்டு வைத்திருக்க வேண்டும். ஜிஎஸ்டி கணக்குக்கு, ஆண்டு ரிட்டர்ன் கெடு தேதியிலிருந்து 72 மாதம். அத்தனை காலம் ஒரு ஹார்டு டிஸ்க்கை நம்பி இருக்க முடியாது. அதிலும் சிபியுவைத் தரையில் வைத்திருக்கும் கீழ்த்தள ஆபீஸ் என்றால், 2015 டிசம்பர் வெள்ளத்தையும் 2023 மிக்ஜாம் புயலையும் நினைத்துக்கொண்டாலே போதும்.

அதற்குத்தான் கூகுள் டிரைவ்: ஃபைல்களை நெட் வழியாக கூகுளின் சர்வரில் சேமிக்கும் வசதி. முதலில் கணக்கு. ஊழியரின் சொந்த ஜிமெயிலில் தொடங்க வேண்டாம். ஆபீஸ் பெயரில் ஒரு கணக்கு, ரெக்கவரி நம்பர் முதலாளியுடையது. இரண்டடுக்குச் சரிபார்ப்பைப் போட்டதும் கிடைக்கும் 10 பேக்கப் கோடுகளை (செல் கையில் இல்லாதபோது உள்ளே நுழைய உதவும் எண்கள்)ப் பிரிண்ட் எடுத்து பீரோவில் வையுங்கள். வேலையை விட்டுப் போனவரின் செல்லுக்கு ஓடிபி போய்க்கொண்டிருந்தால் கணக்கை மீட்பது பெரும்பாடு.

இலவசமாகக் கிடைப்பது 15 ஜிபி. ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றுக்கும் சேர்த்துத்தான் இது. ஸ்கேன் பிடிஎஃப்களால் இடம் நிரம்பினால் டிரைவ் மட்டும் நிற்காது, அந்த ஐடிக்கு மெயில் வருவதும் நின்றுவிடும். சரக்கு வந்துவிட்டது என்று கப்பல் கம்பெனி அனுப்பும் அரைவல் நோட்டீஸ் திரும்பிப் போனால், சரக்கை எடுக்கத் தாமதமானதற்கு விழும் டெமரேஜை யார் கட்டுவது? கலர் ஸ்கேன் தேவையில்லாத காகிதங்களை 200 டிபிஐ கிரேஸ்கேலில் எடுத்தாலே பாதிப் பிரச்சினை தீரும்.

அடுத்து, டிரைவ் ஃபார் டெஸ்க்டாப் மென்பொருள். நிறுவி உள்ளே நுழைந்ததும் செட்டிங்ஸில் இரண்டு வழி இருக்கும். ‘மிரர்’ என்றால் எல்லா ஃபைலும் கம்ப்யூட்டரிலும் முழுதாக இருக்கும். ‘ஸ்ட்ரீம்’ என்றால் ஜி டிரைவ் என்று ஒன்று தெரியும். திறக்கும்போதுதான் ஃபைல் இறங்கும். 240 ஜிபி எஸ்எஸ்டி போட்ட ஆபீஸ் கம்ப்யூட்டருக்கு ஸ்ட்ரீம் போதும். ஆனால் நெட் போனால், முன்பே இறக்காத ஃபைல் திறக்காது. அதனால் நடப்பு மாத ஃபோல்டரை மட்டும் ரைட் கிளிக் செய்து ஆஃப்லைனில் இருக்கும்படி வையுங்கள்.

ஸ்ட்ரீமில் ஒரு வில்லங்கம் உண்டு. மேலே ஏறக் காத்திருக்கும் ஃபைல்கள் சி டிரைவிலுள்ள கேஷில் (cache, தற்காலிகச் சேமிப்பிடம்) தான் தங்கும். 40 ஜிபியை ஒரே மூச்சில் காப்பி செய்தால் சி டிரைவ் நிரம்பி கம்ப்யூட்டரே திணறும். டி டிரைவ் இருந்தால் கேஷ் இடத்தை அங்கே மாற்றிவிடுங்கள். அப்லோடு வேகம் 10 எம்பிபிஎஸ் என்றால் 40 ஜிபி ஏற ஏறக்குறைய 9 மணி நேரம். பகலில் இதை ஓட விட்டால் கஸ்டம்ஸின் ஆன்லைன் தளமான ஐஸ்கேட்டில் ஃபைலிங் நத்தையாகும். பேண்ட்வித் செட்டிங்கில் அப்லோடை 300 கேபியில் கட்டி வைத்து, சாயங்காலம் கதவைச் சாத்தும்போது அவிழ்த்துவிடுங்கள். எல்லாம் ஏறிவிட்டதை டாஸ்க்பார் ஐகானில் பார்க்காமல் கணக்கை டிஸ்கனெக்ட் செய்யவே கூடாது.

ஃபோல்டர் அமைப்பு சுருக்கமாகப் போதும்: நிதியாண்டு, உள்ளே பார்ட்டி (வாடிக்கையாளர்) பெயர், உள்ளே ஜாப் நம்பர் (ஒவ்வொரு சரக்கு வேலைக்கும் ஆபீஸ் போடும் எண்). ஃபைல் பெயரை 2025-06-14 என்று ஆண்டில் தொடங்கினால் தானே வரிசையாக நிற்கும். இன்வாய்ஸ் நம்பரில் வரும் சாய்கோட்டை விண்டோஸ் ஏற்காது, ஹைபன் போடுங்கள்.

பகிரும்போது, லிங்க் வைத்திருக்கும் எவரும் பார்க்கலாம் என்ற அனுமதியை, பார்ட்டியின் அடையாள ஆவணங்கள் உள்ள கேஒய்சி ஃபோல்டருக்குக் கொடுக்காதீர்கள். ஆதார், பான் நகல்கள் வாட்ஸ்அப் ஃபார்வர்டில் ஊர் சுற்றும். மெயில் ஐடி போட்டுத் தனித்தனியாகச் சேருங்கள். பார்ட்டிக்கு வியூவர் உரிமை மட்டும். இலவசக் கணக்கில், பகிர்ந்த ஃபோல்டரில் ஊழியர் தன் ஐடியிலிருந்து ஏற்றிய ஃபைல் அவருடையதாகவே இருக்கும், இடமும் அவர் கணக்கில்தான் கழியும். அவர் அழித்தால் போச்சு. பணம் கட்டும் வொர்க்ஸ்பேஸில் ‘ஷேர்டு டிரைவ்’ உள்ள பிளானை எடுத்தால் ஃபைல் நிறுவனத்துக்குச் சொந்தம். ஆள் மாறிக்கொண்டே இருக்கும் ஆபீஸுக்கு அந்தச் செலவு தகும்.

கணக்கு மென்பொருளான டேலியின் டேட்டா ஃபோல்டரை மட்டும் டிரைவுக்குள் வைக்காதீர்கள். கம்பெனி திறந்திருக்கும்போது அந்த ஃபைல்கள் எழுதப்பட்டுக்கொண்டே இருக்கும். பாதி எழுதிய நிலையில் ஒன்று ஏறி, இன்னொன்று பழையதாக நின்றால் டேட்டா கெட்டுப்போகும். டேட்டா டி டிரைவிலேயே இருக்கட்டும். தினமும் டேலியை மூடுமுன் ஆல்ட்+ஒய் அழுத்தி பேக்கப் எடுத்து, அந்த பேக்கப் ஃபைலை மட்டும் ஏற்றுங்கள். பிரைவேட் லிமிடெட் என்றால், கணக்குப் புத்தகத்தின் தினசரி பேக்கப் இந்தியாவிலுள்ள சர்வரில் இருக்க வேண்டும் என்று விதி உண்டு, ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

பலர் சறுக்குவது இங்கேதான்: டிரைவில் போட்டாயிற்று, இனி பேக்கப் எதற்கு என்று விட்டுவிடுவார்கள். ஒரு கம்ப்யூட்டரில் ஃபோல்டரை அழித்தால் எல்லாவற்றிலும் அழியும். டிராஷில் 30 நாள்தான் இருக்கும்; மார்ச் மாத ஜாப் காணோம் என்று ஜூனில் தேடினால் கிடைக்காது. ரான்சம்வேர் (ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் வைரஸ்) பூட்டிய ஃபைலும் அப்படியே மேலே ஏறிவிடலாம். வெள்ளிக்கிழமை தோறும் 1 டிபி எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் ஒரு நகல் எடுத்து, உடனே வயரைக் கழற்றி, ஆபீஸில் வைக்காமல் வீட்டுக்குக் கொண்டு போங்கள். ஸ்ட்ரீம், மிரர் எந்த முறையிலும் கூகுள் டாக்ஸ், ஷீட்ஸ் ஃபைலைக் காப்பி செய்தால் வெறும் சுட்டிதான் வரும், உள்ளடக்கம் வராது; அவற்றை எக்செல்லாகவோ பிடிஎஃப்பாகவோ இறக்கி வைக்க வேண்டும். மாதம் ஒருமுறை அந்த டிஸ்க்கை வேறு கம்ப்யூட்டரில் செருகி, போன வருஷத்து ஜாப் ஒன்றை எடுத்து, பிடிஎஃப் திறக்கிறதா என்று பாருங்கள்.