போட்டோமீட்டர் சோதனையில் கணக்கைக் கெடுக்கும் தவறுகள்

நீராவிப்போக்கை (இலைகள் நீரை ஆவியாக விடுவதை) ஆராயப் பயன்படும் கண்ணாடிக் கருவியான கானாங் போட்டோமீட்டரில் செம்பருத்திக் கிளையைச் செருகி, அதன் மெல்லிய குழாயிலுள்ள காற்றுக்குமிழி நகர்ந்ததும் "இலை இவ்வளவு நீரை இழந்தது" என்று எழுதிவிடுகிறோம். ஆனால் கருவி காட்டுவது கிளை உறிஞ்சிய நீரைத்தான். அதில் பெரும்பகுதி நீராவியாகத்தான் போகிறது, ஆனாலும் கிளை கொஞ்சம் வாடியிருந்தால் முதலில் தன் செல்களை நிரப்பிக்கொள்ளும், அதையும் சேர்த்து இழப்பு என்று எண்ணிவிடுவோம். இழப்பையே அளக்க வேண்டுமென்றால் தொட்டிச்செடியை எடை போடுங்கள். தொட்டியையும் மண்ணையும் பாலித்தீனால் இறுகக் கட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் மண்ணிலிருந்து ஆவியாவதும் செடியின் கணக்கில் ஏறிவிடும்.

கிளையை வெளியே வெட்டியதுமே நீரை மேலே கடத்தும் சைலக் குழாய்களுக்குள் காற்று புகுந்துவிடும், காரணம் அங்கே நீர் இழுவிசையில் இருக்கிறது. அதனால் வாளித் தண்ணீருக்குள் வைத்து, வெட்டிய இடத்துக்குச் சில செ.மீ. மேலே சாய்வாக இன்னொரு முறை வெட்டி, தண்ணீருக்குள்ளேயே கருவியில் பொருத்துங்கள். இலைகள் நனையக் கூடாது. இணைப்புகளில் வாசலின் தடவ வேண்டும்.

பலரும் கவனிக்காதது விளக்குதான். ஒளியின் விளைவைப் பார்க்கிறோம் என்று பழைய குண்டு பல்பை இலைக்குப் பக்கத்தில் வைத்தால் ஒளியோடு சூடும் கூடுகிறது, குமிழி வேகமாக ஓடியது எதனால் என்று யாராலும் சொல்ல முடியாது. எல்.இ.டி. விளக்கு வைத்து, நடுவே தண்ணீர் நிறைந்த கண்ணாடித் தொட்டி ஒன்றையும் வையுங்கள், இலைக்கருகே ஒரு வெப்பமானி இருக்கட்டும். சூழலை மாற்றியதும் அளவெடுக்காமல் 15 நிமிடமாவது பொறுங்கள், இலைத்துளைகள் திறக்க நேரம் வேண்டும். அப்புறம், கருவியைக் கையால் பிடித்துக்கொண்டிருந்தாலே உள்ளிருக்கும் காற்றும் நீரும் சூடாகி விரிந்து குமிழியைத் தள்ளிவிடும்.

ஈரப்பதத்தை மட்டும் குறித்துவைப்பதும் போதாது. 60% ஈரப்பதம் என்பது 20 டிகிரியிலும் 30 டிகிரியிலும் ஒன்றல்ல. காற்றின் உலர்த்தும் இழுப்பு (ஆவியழுத்தப் பற்றாக்குறை) 20 டிகிரியில் சுமார் 0.9 கிலோபாஸ்கல் என்றால், 30 டிகிரியில் சுமார் 1.7. வெப்பநிலையையும் பக்கத்திலேயே எழுதுங்கள்.

கடைசியாகக் கணக்கு. குழாயின் உள்விட்டம் 1 மி.மீ., குமிழி நகர்ந்தது 100 மி.மீ. என்றால் உறிஞ்சியது 78.5 கன மி.மீ., அதாவது 0.08 மில்லிக்கும் கொஞ்சம் குறைவு. ஆரத்துக்குப் பதில் விட்டத்தைப் போட்டுவிட்டால் விடை நான்கு மடங்காகிவிடும். வெவ்வேறு கிளைகளை ஒப்பிடுவதென்றால் இலைகளை வரைபடத்தாளில் வைத்துச் சுற்றி வரைந்து, பரப்பைக் கண்டுபிடித்து வகுத்துக்கொள்ளுங்கள்.