ஈறில் சீழ் கட்டினால் மெடிக்கலுக்கு ஓடாதீர்கள்

ஈறு வீங்கிச் சீழ் கட்டினால் வட சென்னையில் வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை பக்கம் முதலில் போகிற இடம் பல் டாக்டர் இல்லை, தெருமுனை மெடிக்கல்தான். "அண்ணே, பல்லு வலி, ஏதாச்சும் குடுங்க" என்று கேட்டால் போதும், நாலு விதமான மாத்திரையைக் கத்தரித்துச் சின்னக் கவரில் போட்டுக் கொடுத்துவிடுவார். இரண்டு மூன்று நாளில் வீக்கம் வடிந்துவிடும். கொஞ்ச நாள் கழித்து அதே இடத்தில் மறுபடி வரும், மறுபடி அதே மெடிக்கல், "போன வாட்டி குடுத்தது நல்லா கேட்டுச்சுண்ணே" என்று அதே செட். இப்படியே வருஷக்கணக்கில் ஓட்டி, கடைசியில் பல்லே ஆடுகிற நிலையில் போய் டாக்டரிடம் நிற்பவர்கள் இங்கே ஏராளம்.

ஏன் திரும்பத் திரும்ப வருகிறது? கிருமி குடியிருக்கிற இடத்தை யாரும் தொடவே இல்லை, அதுதான்.

அந்த இடம் பல்லுக்கும் ஈறுக்கும் நடுவில் இருக்கிறது. ஆரோக்கியமான ஈறில் அந்த இடுக்கு 1 முதல் 3 மில்லிமீட்டர் ஆழம்தான் இருக்கும். பல்லின் அடியில் காரை, அதாவது கல் மாதிரி கெட்டிப்பட்ட அழுக்கு, சேரச் சேர ஈறு பல்லை விட்டு விலகி அது 5, 6 மில்லிமீட்டர் பையாக இறங்கிவிடும். அவ்வளவு ஆழத்துக்குப் பிரஷ் போகாது, காற்றும் சரியாகப் போகாது. ஆக்சிஜன் இருந்தால் தாக்குப்பிடிக்காத பாக்டீரியாக்களுக்கு இதைவிட வசதியான இடம் உண்டா? போர்ஃபைரோமோனாஸ் ஜிஞ்ஜிவாலிஸ், பிரெவோட்டெல்லா இன்டர்மீடியா, ஃப்யூசோபாக்டீரியம் நியூக்ளியேட்டம், டேனரெல்லா ஃபோர்சைத்தியா என்று ஒரு பெரிய கும்பலே அங்கே வாழ்கிறது. ஒரு நாள் பையின் வாய் அடைபட்டு உள்ளே இருப்பது வெளியேற வழியில்லாமல் போனால் சீழ் கட்டுகிறது. ஓட்டேரி நல்லா கால்வாயில் தண்ணீர் ஓடாமல் தேங்கினால் அடிச்சேற்றிலிருந்து ஒரு நாற்றம் வருமே, அது ஹைட்ரஜன் சல்பைடு. காற்றில்லாத சேற்றில் வாழும் பாக்டீரியாக்கள் விடுகிற வாயு. ஈறுப் பைக்குள் இருப்பவையும் அதே வாயுவைத்தான் விடுகின்றன, வாய் நாற்றத்துக்கு அது ஒரு முக்கியக் காரணம். மவுத்வாஷ் ஊற்றிக் கொப்பளிப்பது மேல்தண்ணீரில் பன்னீர் தெளிக்கிற வேலை.

இதில் இன்னொரு தவறான நினைப்பும் இருக்கிறது. "எங்கேயோ வெளியில் சாப்பிட்டேன், இன்ஃபெக்ஷன் ஆகிவிட்டது" என்பார்கள். பீச் ஸ்டேஷன் பக்கத்து அத்தோ (பர்மா நூடுல்ஸ்) கடை மேல் பழி போட வேண்டாம், இந்தக் கிருமிகளில் பெரும்பாலானவை ஏற்கெனவே உங்கள் வாயில் கொஞ்சம் கொஞ்சமாக இருப்பவைதான். டச்சுக்காரர் லீவன்ஹூக் 1683-லேயே தன் பல்லில் இருந்த அழுக்கைச் சுரண்டித் தான் செய்த நுண்ணோக்கியில் வைத்து, அது முழுக்கக் குட்டி உயிர்கள் நெளிவதைப் பார்த்து எழுதி வைத்திருக்கிறார். கிருமியே இல்லாத வாய் கிடையாது.

சரி, மாத்திரைக்கு வருவோம், ஏனென்றால் பெரிய தவறு அங்கேதான். சீழ் கட்டிய இடத்துக்கு நடுவில் ரத்த ஓட்டம் கிடையாது, மாத்திரையோ ரத்தத்தோடுதான் போக வேண்டும். போதாததற்குக் கிருமிகள் தனித்தனியாக மிதப்பதில்லை, பிசுபிசுப்பான ஒரு படலத்துக்குள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு இருக்கின்றன, அதற்குள் மருந்து இறங்குவது கஷ்டம். ஆக மாத்திரை சுற்றியிருக்கிற வீக்கத்தைக் குறைக்கும், குடோனை அப்படியே விட்டுவிடும். இதற்கு வைத்தியம், டாக்டர் சீழை வெளியேற்றி, பையைக் கழுவி, காரையைச் சுரண்டி எடுப்பதுதான். உடம்பு நன்றாக இருக்கிற பெரியவர்களுக்கு, பல்லிலேயே நேரடியாகச் சிகிச்சை செய்ய முடியும் என்றால் பெரும்பாலான பல்வலி, வீக்கத்துக்கு ஆன்டிபயாடிக் தேவையில்லை என்றுதான் அமெரிக்கப் பல் மருத்துவர் சங்கம் 2019-ல் வெளியிட்ட வழிகாட்டுதலே சொல்கிறது. காய்ச்சல் இருக்கிறது, வீக்கம் பரவுகிறது என்றால் கதை வேறு, அப்போது டாக்டரே எழுதித் தருவார். ஸ்ட்ரிப்பில் சிவப்புக் கோடு இருந்தால் டாக்டர் சீட்டு இல்லாமல் சாப்பிடக் கூடாது என்று அர்த்தம். கத்தரித்துக் கொடுப்பதில் அந்தக் கோடும் பெயரும் கண்ணில் படுவதே இல்லை. மிச்சம் இருக்கிற நாலு மாத்திரையை மச்சானுக்குப் பல்வலி என்று எடுத்துக் கொடுக்கிற தர்மமும் வேண்டாம். காற்றில்லாமல் வாழும் இந்தக் கிருமிகளுக்குக் கொடுக்கிற மெட்ரோனிடசோல் என்ற ஆன்டிபயாடிக் என்றால் இன்னும் ஜாக்கிரதை: அது சாப்பிடும்போது சரக்கு கூடாது என்று எச்சரிக்கை உண்டு, ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர்களுக்கு அந்த மருந்தின் வேகத்தையும் கூட்டிவிடும்.

பலரும் எதிர்பார்க்காத ஒன்று: ஈறு நோய் முற்றியவர்களுக்கு, பல்லைச் சுத்தம் செய்யாமல் வேறு ஏதோ நோய்க்காக ஆன்டிபயாடிக் சாப்பிட்ட பிறகு பல இடங்களில் ஒரே நேரத்தில் சீழ் கட்டியதும் மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கிறது.

அடுத்தது, பல் தேய்க்கும்போது ரத்தம் வருகிறது என்று அந்தப் பக்கம் பிரஷ்ஷே போடாமல் விடுவது. இதுதான் கிருமிக்கு நாமே வைக்கிற விருந்து. போர்ஃபைரோமோனாஸுக்கு இரும்புச்சத்து ரத்தத்தில் உள்ள ஹீம் என்ற இரும்புள்ள பொருளிலிருந்துதான் வருகிறது, ஆய்வகத்தில் ரத்தம் கலந்த வளர்ப்புக் கூழில் வளர்த்தால் அந்த ஹீமை மேலே பூசிக்கொண்டு கறுப்புக் கறுப்பாக வளரும். தேய்க்காமல் விட்டால் வீக்கம் கூடும், ரத்தம் கூடும், அதற்குச் சாப்பாடும் கூடும். மென்மையான பிரஷ்ஷால் தேய்த்துக்கொண்டே இருங்கள். சிகரெட் பிடிப்பவர்கள் "எனக்கு ரத்தமே வராது" என்று பெருமைப்பட வேண்டாம், புகை ரத்தக் கசிவைக் குறைத்து நோயை மறைக்கும், அவ்வளவே.

ஊக்கால் குத்திச் சீழை எடுப்பது, கிராம்புத் தைலத்தை அப்படியே தடவி ஈறை வெந்து போக வைப்பது, கன்னத்தில் சூடாக ஒத்தடம் கொடுப்பது, இந்த மூன்றும் வேண்டாம். வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் கொப்பளிக்கலாம், இதமாக இருக்கும். சில நேரம் கட்டி தானாக உடைந்து, உப்புக்கரிக்கிற மாதிரி ஏதோ வாயில் வரும், வலி சட்டென்று நின்றுவிடும். உடனே சரியாகிவிட்டது என்று நினைக்கிறோம். அழுத்தம் குறைந்ததால் வலி நின்றது, பை அங்கேயேதான் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை காசிமேட்டுக் கவலை மீன் சாப்பிட்டு, திங்கட்கிழமை ஒரே இடத்தில் ஈறு குண்டாக வீங்கினால் அது முள்ளாக இருக்கலாம். ஈறு நோயே இல்லாதவர்களுக்கும் முள், பிரஷ் நார், பாப்கார்ன் தோல் இடுக்கில் சிக்கிச் சீழ் கட்டும். அதை எடுத்தாலே பெரும்பாலும் சில நாளில் அடங்கிவிடும். ஆனால் சொத்தைப் பல்லின் வேர் நுனியில் கட்டுகிற சீழும் ஈறிலேயே கொப்புளமாகத் தெரியும், அதற்கு ஈறைச் சுத்தம் செய்து புண்ணியமில்லை, வேர் சிகிச்சையோ பல்லை எடுப்பதோதான் வழி. எது எது என்று கண்ணாடி முன் நின்று கண்டுபிடிக்க முடியாது, எக்ஸ்ரே வேண்டும்.

"க்ளீன் பண்ணா பல்லு ஆடும்" என்று சொல்லாத வீடு இல்லை. காரை பல்லைப் பிடித்துக்கொண்டு நிற்பதில்லை, அது எலும்பைக் கரையவிடுகிறது. எடுத்த பிறகு ஏற்கெனவே இருந்த ஆட்டம் தெரிகிறது. அதே சமயம் மேலாகச் சுரண்டிவிட்டு அடிக் காரையை விட்டாலும் ஈறு மேலே இறுகி மூடிக்கொண்டு உள்ளே சீழ் கட்டலாம். அதனால் டாக்டர் "இன்னொரு தடவை வாங்க" என்றால் காசுக்காகச் சொல்கிறார் என்று முடிவுகட்டாமல் போங்கள். ஒன்று மாற்றி ஒன்று பல இடங்களில் சீழ் வந்தால் சர்க்கரை பார்த்துவிடுங்கள், முன்னே பார்த்ததே இல்லை என்றால் கட்டாயம்.

தாடைக்கு அடியிலோ நாக்குக்கு அடியிலோ வீக்கம், வாய் திறக்க முடியவில்லை, எச்சில் விழுங்க முடியவில்லை, மூச்சு இழுக்கிறது, இதில் ஒன்று இருந்தாலும் காலை வரை காத்திருக்காமல் ராத்திரியே ஸ்டான்லி அரசு மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போங்கள். கழுத்துக்குள் பரவினால் மூச்சுப் பாதையே அடைபடும். அவசரம் இல்லாத கட்டிக்கு ஸ்டான்லியிலேயே பல் பிரிவு இருக்கிறது, கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே அரசு பல் மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது, காலையிலேயே போய்ச் சீட்டு எடுத்துவிடுங்கள். இதுவரை சாப்பிட்ட மாத்திரைகளின் ஸ்ட்ரிப்பைக் கையோடு கொண்டுபோங்கள். இதய வால்வு மாற்றியிருந்தாலோ, கர்ப்பமாக இருந்தாலோ, சர்க்கரைக்கு மருந்து சாப்பிட்டாலோ அவர்கள் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.