பருந்துகிட்ட இருந்து கோழியை காப்பாத்த தூண்டில் நரம்பு

கோழி மேயுற இடத்துக்கு மேல, தலை இடிக்காத உயரத்துல, தூண்டில் நரம்பை குறுக்கும் நெடுக்குமா ரெண்டு அடிக்கு ஒண்ணா இழுத்துக் கட்டிடுங்க, முழுசா வலை போடுறதைவிட செலவு கம்மி. பருந்து வேகமா சரிஞ்சு வந்து தூக்கிட்டு அதே வேகத்துல மேல ஏறணும், இறக்கையில ஏதாவது தட்டும்னு தெரிஞ்சா இறங்க யோசிக்கும், ஆனா நரம்பு அதோட கண்ணுல படணும்ல, அதுக்குத்தான் அங்கங்க பழைய சிடி, ஜிகினா துண்டு எதையாவது தொங்க விடுங்க. (வெறும் சிடி மட்டும்னா கொஞ்ச நாள்ல பழகிடும், நம்பாதீங்க.)

சின்ன வல்லூறு இடைவெளியில நுழைஞ்சிரும், அதனால குஞ்சுங்க இருந்தா வலைதான் வழி. பூனை, கீரிக்கெல்லாம் இது வேலைக்கே ஆகாது, பொழுது சாயும்போதே கூண்டுல அடைச்சிடணும், அதுவும் அரை இன்ச் ஓட்டை உள்ள வெல்டு மெஷ் (கம்பியை வெல்டிங் பண்ணி செஞ்ச கெட்டியான வலை) அடிச்ச கூண்டா இருக்கணும், சாதா கோழி வலையை நாய் கடிச்சே பிச்சிரும்.