பழைய துளையில் புதிய பம்பு: நிலவெப்ப வேலையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சுவீடனில் பாறையைத் துளைத்து வீடுகளைச் சூடாக்கும் வேலையில் இருக்கிறேன். போன வாரம், புதிதாகச் சேர்ந்த பையன் ஒரு வீட்டின் பழைய துளையிலேயே புதிய பம்பு வைக்கப் போட்ட கணக்கைக் கொண்டுவந்து காட்டினான். தலையில் கை வைத்துக்கொண்டேன். என் மூன்றாம் வருடத்தில் நான் போட்ட அதே கணக்கு!

குழாயில் காற்று தங்குவது, வயரை மாற்றிக் கொடுப்பது பற்றியெல்லாம் எழுதப்போவதில்லை. அவை அன்றைக்கே தெரிந்துவிடும். சில தவறுகள் இரண்டு குளிர்காலம் கழித்துத்தான் வாய் திறக்கும்.

முதலில், பாறையின் சூட்டை வீட்டுக்குள் கொண்டுவரும் இந்த வெப்ப பம்பு வேலை செய்யும் விதம். ஃப்ரிட்ஜ் உள்ளிருக்கும் சூட்டை எடுத்துப் பின்பக்கமாக வெளியே தள்ளுகிறது இல்லையா, இதுவும் அப்படித்தான். சூட்டை எடுப்பது பாறையிலிருந்து. நூறு, இருநூறு மீட்டர் துளைக்குள் பிளாஸ்டிக் குழாய் இறங்கி ஏறும். அதில் எத்தனால் கலந்த தண்ணீர் ஓடும். வெளியே மைனஸ் 20 ஆனாலும் ஸ்டாக்ஹோம் பக்கம் அடிப்பாறை 7, 8 டிகிரியில் இருக்கும். அந்தச் சொற்பச் சூட்டைப் பம்புக்குள் இருக்கும் கம்ப்ரஸர் உயர்த்திக் கொடுக்கிறது. ஒரு யூனிட் மின்சாரத்துக்கு மூன்று, நான்கு யூனிட் வெப்பம் கிடைக்கும். வீட்டுக்கு வெளியே இரையும் பெட்டி கிடையாது. கோடையில் அதே திரவத்தைச் சுற்றவிட்டு வீட்டைக் குளிர்விக்கவும் செய்யலாம்.

துளை இருக்கிறதே, பம்பை மட்டும் மாற்றுவோம்

உப்சாலா பக்கம் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் வீடு. பழைய பம்பு ஓய்ந்துவிட்டது. துளை 120 மீட்டர். "புதிய பம்பு மின்சாரத்தைக் குறைவாகக் குடிக்கும், துளைக்கும் சுமை குறையும்" என்று தைரியமாகச் சொன்னேன். முதல் பாதி சரி. இரண்டாம் பாதி தலைகீழ்.

கணக்கைப் பாருங்கள். வீட்டுக்கு 6 கிலோவாட் வெப்பம் வேண்டும். பழைய பம்பு அதில் 2.4-ஐ மின்சாரத்திலிருந்தும் 3.6-ஐப் பாறையிலிருந்தும் எடுத்தது. புதியதற்கு மின்சாரம் 1.5 போதும். அப்படியானால் மீதி 4.5? பாறைதான் தர வேண்டும். போதாக்குறைக்கு, பழையது கடுங்குளிரில் துணைக்கு இருக்கும் மின் ஹீட்டரிடம் பாதி வேலையைத் தள்ளிவிடும். புதியது எல்லாவற்றையும் தானே இழுத்துப் போட்டுச் செய்யும்.

இன்னொன்றையும் கோட்டை விட்டேன். நிலத்தடி நீர் 15 மீட்டர் கீழே இருந்தது. அதற்கு மேலே துளைக்குள் வெறும் காற்று, வெப்பம் அவ்வளவாகக் கடக்காது. ஆக 120 என்பது உண்மையில் 105.

முதல் குளிர்காலத்தில் அந்த ஆசிரியை அம்மா கேக் கொடுத்தார். இரண்டாவதில் திரவம் பூஜ்யத்துக்குக் கீழே போய் அங்கேயே கிடந்தது, மின் ஹீட்டர் ஓயாமல் ஓடியது, பில் எகிறியது. கடைசியில் துளையில் நின்ற தண்ணீர் உறைந்து குழாயை நெரித்துவிட்டது. இருபது மீட்டர் தள்ளி இன்னொரு துளை போட வேண்டியதாயிற்று. செலவு எங்கள் தலையில். முதலாளி இன்றுவரை சொல்லிக்காட்டுவார்.

துளை போடும் செலவைச் சுருக்கத்தான் எல்லோரும் பார்க்கிறார்கள். பம்பு இருபது வருடத்தில் போய்விடும், துளை ஐம்பது வருடம் தாண்டியும் நிற்கும். அதில் கைவைக்கலாமா?

பக்கத்து வீட்டைப் பார்க்காமல் துளைப்பது

துளைக்குத் துளை 20 மீட்டர், வேலியிலிருந்து 10. இது இங்கே வழக்கமான கணக்கு. நெருங்கினால் இருவரும் ஒரே பாறையை உறிஞ்சுவீர்கள்.

ரேடியேட்டரைக் கொதிக்க வைப்பது

பம்பு சூடாக்கிய தண்ணீர் அறைச் சுவரில் மாட்டிய ரேடியேட்டரிலோ தரைக்கடியில் பதித்த குழாயிலோ ஓடும். தரைக் குழாய்க்கு 35 டிகிரி தண்ணீர் போதும். 55-க்கு ஏற்றினால் ஒவ்வொரு டிகிரிக்கும் இரண்டு மூன்று சதவீதம் திறன் போகும். குளிர்கிறது என்று புகார் வந்தால், வால்வுகள் திறந்திருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு அப்புறம் ஏற்றுங்கள்.

வடிகட்டி

குழாயில் வரும் அழுக்கைப் பிடிக்கும் வடிகட்டியை முதல் மாதமே கழற்றிக் கழுவுங்கள்.

பையனிடம் கணக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். நீர்மட்டம் பார்க்க அளவு நாடாவுடன் கிளம்பியிருக்கிறான்.