செகண்ட் ஹேண்ட் ஸ்போர்ட்ஸ் கார் எவ்வளவு ஆயில் குடிக்கிறது: வீட்டிலேயே கணக்கு எடுப்பது எப்படி

டிப்ஸ்டிக்கை உருவிப் பார்த்து "ஆயில் இருக்கு" என்று பானெட்டை மூடிவிடுவதைத்தான் நம்மில் பலர் செக்கப் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். எத்தனை கிலோமீட்டருக்கு எத்தனை மில்லி குறைகிறது என்ற எண் கையில் இல்லாமல் பழைய டர்போ வண்டியை ஓட்டாதீர்கள்.

என்னுடையது 2011 மாடல் ஆடி டிடி, 2.0 டிஎஃப்எஸ்ஐ டர்போ பெட்ரோல் எஞ்சின், தண்டையார்பேட்டையில் நிற்கிறது. விற்றவர் ஒரு சொட்டுகூட குறையாது என்றார். மூன்றாவது வாரமே மஞ்சள் ஆயில் விளக்கு எரிந்தது. இந்த எஞ்சினில் சிலிண்டர் சுவரில் மிஞ்சும் ஆயிலை வழித்துவிடுகிற பிஸ்டனின் ஆயில் கன்ட்ரோல் ரிங்கும் ஆயில் வடிய வேண்டிய ஓட்டைகளும் கார்பன் பிடித்து அடைத்துக்கொள்வது உலகம் முழுக்கத் தெரிந்த பிரச்சினை. ஆடி கையேடு 1000 கிலோமீட்டருக்கு அரை லிட்டர் வரை போகலாம் என்கிறது. யோசித்துப் பாருங்கள், அந்தக் கணக்குப்படி 10,000 கிலோமீட்டருக்கு 5 லிட்டர், எஞ்சினுக்கு அடியில் ஆயில் தேங்குகிற தொட்டியான சம்ப்பில் இருக்கிற மொத்த ஆயிலும் ஏறக்குறைய அவ்வளவுதான். அதனால் சர்வீஸ் வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட முடியாது.

சரி, அளப்பது எப்படி? முதலில் ஒரே இடம். எங்கள் தெரு கால்வாய்ப் பக்கம் சரிந்திருக்கும், அங்கே பார்த்தால் ஒரு நாள் கூடுதலாகவும் ஒரு நாள் குறைவாகவும் காட்டும், அதனால் நான் எப்போதும் ஒரே பெட்ரோல் பங்க்கில், காற்று பிடிக்கிற இடத்துக்குப் பக்கத்திலிருக்கும் சமமான கான்கிரீட் தரையில், கூட்டம் இல்லாத காலை நேரத்தில் பார்க்கிறேன். எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு அணைத்துவிட்டு பத்து நிமிடம் காத்திருங்கள். நூல் விடாத துணியில் டிப்ஸ்டிக்கைத் துடைத்து, திரும்ப முழுசாக இறக்கி எடுத்து, இரண்டு பக்கமும் பாருங்கள், குறைவாகக் காட்டுகிற பக்கத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். மேல் கோட்டுக்குச் சற்றுக் கீழே வரை ஊற்றி ஓடோமீட்டரைக் குறித்துவையுங்கள். கோட்டைத் தாண்டி ஊற்றவே கூடாது, அதிகமானால் ஆயில் நுரைக்கும், எஞ்சின் மூச்சு விடுகிற ப்ரீதர் குழாய் வழியாகவும் எரியப் போகும்.

அப்புறம் எடை. ஊற்றிய அளவைக் கண்ணால் மதிப்பிடாமல், சமையலறைத் தராசில் ஆயில் டப்பாவை ஊற்றும் முன்னும் பின்னும் வையுங்கள். எஞ்சின் ஆயில் லிட்டருக்கு ஏறக்குறைய 850 கிராம். 800 கிலோமீட்டர் ஓடிய பிறகு அதே கோட்டுக்குக் கொண்டுவர 255 கிராம் பிடித்தால் அது 300 மில்லி, அதாவது 1000 கிலோமீட்டருக்கு 375 மில்லி. தேதி, கிலோமீட்டர், கிராம், எந்த மாதிரி ஓட்டம், இந்த நான்கையும் ஒரு நோட்டில் எழுதுங்கள்.

நான்காவதை ஏன் எழுதச் சொல்கிறேன் என்றால், வடசென்னையில் ஓட்டுபவர்கள் ஏமாறுவது அங்கேதான். எண்ணூர் நெடுஞ்சாலையில் கண்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் நின்று நின்று போவது, ராயபுரம் போய் உடனே திரும்புவது, இப்படியே இரண்டு வாரம் ஓட்டினால் சரியாக எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவர் வழியாக வழிந்து ஆயிலில் கலந்துவிடும். எரிந்துபோன ஆயிலின் இடத்தைப் பெட்ரோல் நிரப்புவதால் டிப்ஸ்டிக் மட்டம் அசையாது, வண்டி ஆயிலே குடிக்கவில்லை என்று சந்தோஷப்படுவோம். பிறகு ஒரு நாள் மாதவரத்திலிருந்து தடா வரை ஹைவேயில் அடித்துவிட்டு வந்தால் சூட்டில் பெட்ரோல் ஆவியாகி, ஒரே நாளில் மட்டம் சடாரென்று இறங்கும். டிப்ஸ்டிக்கை முகர்ந்து பாருங்கள், பெட்ரோல் வாடை தூக்கலாக இருந்தால் அந்த ரீடிங்கைக் கணக்கில் சேர்க்காதீர்கள். நான் ஒவ்வொரு ரீடிங்குக்கும் முன்னால் ஒரு மணி நேரமாவது ஹைவே ஓட்டம் கொடுத்துவிடுகிறேன்.

ஆயில் எங்கே போகிறது என்பது அடுத்த வேலை. ராத்திரி வண்டிக்கு அடியில் அட்டை விரித்துவிட்டுக் காலையில் பாருங்கள். காசிமேடு, திருவொற்றியூர் பக்கம் கடற்காற்று படுகிற இடத்தில் வண்டி நின்றால் சம்ப் துருப்பிடித்துக் கசிகிறதா என்று கீழே படுத்தே பார்க்க வேண்டும். ஒழுகல் இல்லையென்றால் புகையைக் கவனியுங்கள். காலை முதல் ஸ்டார்ட்டில் மட்டும் நீலப் புகை வந்தால் வால்வ் சீல் மேல் சந்தேகம், ஆக்சிலரேட்டரை மிதித்துக்கொண்டே இருக்கும்போது வந்தால் ரிங் அல்லது டர்போ.

ரிங்தான் என்று மெக்கானிக் சொன்னாலும் உடனே எஞ்சினைப் பிரிக்க ஒத்துக்கொள்ளாதீர்கள், முதலில் எஞ்சினுக்குள் சேரும் வாயுவை வெளியேற்றித் திரும்ப எரிய அனுப்புகிற பிசிவி வால்வைப் பார்க்கச் சொல்லுங்கள். ஐடிலில் ஆயில் மூடியைத் திறக்கும்போது பலமாக உள்ளே இழுத்தாலோ விசில் சத்தம் வந்தாலோ அதற்குள் இருக்கும் டயாஃப்ரம் என்ற ரப்பர் சவ்வு கிழிந்திருக்க வாய்ப்பு அதிகம். என்னிடமும் "எஞ்சினை இறக்கணும் தம்பி" என்றுதான் சொன்னார்கள். பிசிவி மாற்றியதும், 1000 கிலோமீட்டருக்கு 375 மில்லியாக இருந்தது 210 ஆனது. அது குறையாமல் இருந்திருந்தால் சிலிண்டரில் அழுத்தம் நிற்கிறதா, கசிகிறதா என்று பார்க்கும் கம்ப்ரஷன் டெஸ்ட்டும் லீக்-டவுன் டெஸ்ட்டும் எடுத்த பிறகுதான் ரிங் பற்றிப் பேசியிருப்பேன்.

ஒன்று மட்டும் குழப்பிக்கொள்ள வேண்டாம். மஞ்சள் விளக்கு மட்டம் குறைவு என்கிறது, பக்கத்துப் பங்க் வரை மெதுவாகப் போய் ஊற்றலாம். சிவப்பு எரிந்தால் பிரஷர் இல்லை என்று அர்த்தம், மணலி மேம்பாலத்தின் நடுவில் இருந்தாலும் ஓரம் கட்டி அந்த நொடியே எஞ்சினை அணைத்துவிட்டு டோ வண்டிக்குச் சொல்லுங்கள்.