முதலில் மலை, பிறகு ஊர்

திருச்சியில் இறங்கியதும் ஊருக்கு வண்டி பிடிக்காதீர்கள். முதலில் மலைக்குப் போங்கள், அப்புறம் ஊர். பிள்ளைகளுக்குக் காவிரியையும் ஒரு மலையையும் காட்டிவிட்டு வரலாம் என்று வெளிநாட்டிலிருந்து குறைந்த லீவில் டெல்டாவுக்குக் கிளம்புகிற நம் முஸ்லிம் குடும்பங்களுக்கு நான் சொல்லக்கூடியதில் முக்கியமானது இதுதான். ஊருக்கு முதலில் போனால் மலை மிஞ்சாது. ஏன் என்று கீழே சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகவே.

ஆறு இருக்குமா என்பது நீங்கள் வரும் மாதத்தைப் பொறுத்தது. மேட்டூர் அணையை வழக்கமாக ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூடுவார்கள். அணையில் தண்ணீர் இல்லாத வருடங்களில் திறப்பு தள்ளிப்போகும். திறந்த தண்ணீர் கல்லணைக்கு வந்துசேரச் சில நாள் பிடிக்கும், கடைமடைக்கு இன்னும் கூட. சிங்கப்பூர் ஜூன் லீவின் முதல் பாதியில் வந்தால் மணலைத்தான் பார்ப்பீர்கள். லண்டன் பிள்ளைகளுக்கு ஜூலைக் கடைசியில் லீவு விடுவதால் ஆடிப்பெருக்குத் தண்ணீர் கிடைத்துவிடும். டிசம்பரில் ஆறும் ஓடும், மழையும் விடாது.

டெல்டாவில் மலை கிடையாது. மலைக்கோட்டையைக் காட்டி ஏமாற்றுகிற வயதைப் பிள்ளைகள் சீக்கிரம் தாண்டிவிடுகிறார்கள். ஊட்டியும் கொடைக்கானலும் தூரம், போதாததற்கு 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் வேறு. பக்கத்தில் இருப்பது கொல்லிமலைதான். திருச்சியிலிருந்து கரூர் சாலையில் போனால் முக்கொம்பு. காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரிகிற இடம் அது. 1836-ல் கட்டிய மேலணையில் கொள்ளிடப் பக்கத்து மதகுகள் சில 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் அடித்துக்கொண்டு போய், பிறகு புதிதாகக் கதவணை கட்டினார்கள். அப்படியே குளித்தலை போய், முசிறிப் பாலத்தில் ஆற்றைத் தாண்டுங்கள். அந்தப் பகுதிக்கு அகண்ட காவிரி என்றே பேர். பாலத்தில் போகும்போது ஏன் என்று யாரும் விளக்க வேண்டியிருக்காது. பிறகு தொட்டியம், நாமக்கல், சேந்தமங்கலம், காரவள்ளி. அங்கிருந்து 70 கொண்டை ஊசி வளைவு. என் சின்னவன் பாதி வளைவுக்கு மேல் தாங்கவில்லை. மேலே ஆகாய கங்கை அருவிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்க வேண்டும். இறங்கியதையெல்லாம் ஏறியும் ஆக வேண்டும் என்பதால் வயதானவர்களை மேலேயே உட்காரவைத்துவிடுங்கள். வளைவும் வேண்டாம், படியும் வேண்டாம் என்றால் துறையூர்ப் பக்கம் புளியஞ்சோலை இருக்கிறது. கொல்லிமலையில் பிறக்கும் அய்யாறு அங்கே வந்து இறங்குகிறது.

ஆற்றில் இறங்குவது பற்றி ஒரு வார்த்தை. நீச்சல் குளத்தில் பழகிய பிள்ளைகளுக்குக் காவிரி தெரியாது. மணல் அள்ளிய குழிகள் மேலிருந்து பார்த்தால் தெரிவதில்லை, மேட்டூரில் திறப்பைக் கூட்டினால் கீழே வேகம் மாறிவிடும். உள்ளூர்க்காரர்கள் குளிக்கிற துறையில் மட்டும், இடுப்பளவு தண்ணீரோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டுக்குப் பெரிய கஷ்டம் இல்லை. தஞ்சாவூரிலிருந்து கும்பகோணம் போகிற சாலையில் அய்யம்பேட்டை, பண்டாரவாடை, ராஜகிரி என்று வரிசையாக நம் ஊர்கள், அங்கே ஹலாலா என்று கேட்டால்தான் முறைப்பார்கள். மலைப்பக்கம் அப்படியில்லை. மெஸ்ஸில் கோழியை யார் அறுத்தது என்று கேட்டால் மறைக்கமாட்டார்கள், அவர்களுக்கே தெரியாது. திருச்சியிலேயே பிரியாணி கட்டிக்கொள்ளுங்கள், மேலே போனபின் சோறு, ரசம், முட்டை. நாமக்கல் முட்டைக்குப் பேர்போன ஊர், முட்டைக்கு யாரும் அல்லாஹ் பெயரால் பிஸ்மி சொல்லி அறுக்க வேண்டியதுமில்லை. தொழுகைதான் பெண்களுக்குச் சிக்கல். வழியிலுள்ள பள்ளிவாசல் பலவற்றில் பெண்களுக்கு இடம் கிடையாது. ஆண்கள் ஹவுது என்கிற தண்ணீர்த் தொட்டியில் கைகால் கழுவி ஒளு செய்துவிட்டு உள்ளே போவார்கள், நாம் வண்டி சீட்டில் தொழுவோம். மதியத்து லுஹரையும் பிற்பகல் அஸரையும் சேர்த்துத் தொழலாமா என்று வண்டிக்குள் ஹனஃபி, ஷாஃபி சட்டப் பிரிவு விவாதம் தொடங்கும் முன் வீட்டிலேயே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்.

இனி ஊர் விஷயம்.

நாங்கள் ஊருக்குத்தான் முதலில் போனோம். அன்று இரவே மச்சி (அண்ணன் மனைவி) என் இரண்டு கைக்கும் மருதாணி வைத்துவிட்டார்கள், விரல் நுனி வரைக்கும் தொப்பி போட்டு. மறுநாள் பசியாறும்போது அண்ணன் இடியாப்பத் தட்டை நகர்த்திவைத்துக்கொண்டே சொன்னார்: "ஒரு கையெழுத்துதானேம்மா. பத்து நிமிஷத்துல முடிஞ்சிடும். அப்பறம் மலைக்குப் போங்க."

விடுதலைப் பத்திரம். அத்தா (அப்பா) மவுத்தானபின் வீட்டிலும் நஞ்சையிலும் எனக்கு வருகிற பங்கை அண்ணனுக்கு விட்டுக்கொடுப்பதாக. ஷரீஅத்தில் மகனுக்கு இரண்டு பங்கு, மகளுக்கு ஒன்று என்று நமக்குச் சின்ன வயதிலேயே ஓதிக்கொடுத்திருக்கிறார்கள்; அந்த ஒன்றையும் எழுதிக்கொடுத்துவிட வேண்டும் என்று யாரும் ஓதிக்கொடுக்கவில்லை, ஆனால் எல்லா வீட்டிலும் நடக்கிறது. "சிங்கப்பூர்ல இருக்கிற உனக்கு இது எதுக்கும்மா" என்று ஒரு மாமா வந்து சொன்னார். அவர் எதற்கு வந்தார் என்று தெரியவில்லை. சாட்சிக் கையெழுத்துக்கு என்று பிறகு தெரிந்தது.

பத்து நிமிஷம் எங்கே போனது என்று கேளுங்கள். ரிஜிஸ்டர் ஆபீஸில் டோக்கன் போட்டு, பத்திரம் எழுதுபவர் திண்ணையில் காத்திருந்தோம். ஆதார் கேட்டார்கள். என்னிடம் இருப்பது வெளிநாட்டுப் பாஸ்போர்ட்டும், இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓசிஐ அட்டையும். முந்தைய 12 மாதத்தில் 182 நாள் இந்தியாவில் தங்கியிருந்தால்தான் ஆதாருக்கே விண்ணப்பிக்க முடியும், லீவுக்கு வருகிறவர்களுக்கு அது ஏது? சரி, பாஸ்போர்ட்டே போதும் என்றார்கள். பார்த்தால் வாரிசுச் சான்றில் என் பெயர் ஒரு மாதிரி, பாஸ்போர்ட்டில் அத்தா பெயரும் சேர்ந்து இன்னொரு மாதிரி. இரண்டும் ஒரே ஆள்தான் என்று தாலுகா ஆபீஸில் எழுதி வாங்கி வரச் சொன்னார்கள். தாலுகா ஆபீஸில் கிராம நிர்வாக அலுவலரான வி.ஏ.ஓ.விடம் போகச் சொன்னார்கள். வி.ஏ.ஓ. பயிர் கணக்கெடுப்புக்குப் போயிருந்தார். அவர் வந்தபோது சர்வர் வேலை செய்யவில்லை. வெளியே வேப்பமரத்தடியில் பிள்ளைகள் ஆளுக்கொரு போனோடு உட்கார்ந்திருந்தார்கள். கொல்லிமலைக்கு வைத்திருந்த நாள்கள் அந்த மரத்தடியிலேயே போயின.

எல்லாம் சேர்ந்து வந்த நாளில் ரேகை எடுக்கிற கருவி என் விரலை ஏற்கவில்லை. "கையைத் துடைச்சிட்டு வைங்கம்மா" என்றார் ரேகை எடுத்த அம்மாள். துடைத்தேன். பெருவிரலைத் திருப்பித் திருப்பி வைத்தேன். "மருதாணிம்மா, அதான் எடுக்கமாட்டேங்குது." மச்சி என் பக்கத்தில்தான் நின்றிருந்தார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது, அவர்களுக்கு வரவில்லை.

அண்ணன்மேல் முழுக்கக் கோபப்படவும் முடியவில்லை. ஆபீஸுக்கு அவர் கொண்டுவந்த பிஸ்கட் டப்பா நான் எப்போதோ அனுப்பியது. அதற்குள் வருடா வருடம் கட்டிய நிலவரி ரசீது, வீட்டு வரி ரசீது, அவற்றுக்கடியில் அத்தாவின் ஆஸ்பத்திரி பில்கள். கடைசி வருடம் அத்தாவைக் குளிக்கவைத்து, கஞ்சி ஊட்டி, இரவெல்லாம் விழித்திருந்தவர்கள் இவர்கள். நான் விமானத்தில் இருக்கும்போதே அடக்கம் முடிந்துவிட்டது. வீட்டை எழுதிக்கொடுக்க எனக்கு மனத்தடை ஒன்றும் இல்லை. நஞ்சை அப்படியல்ல, அது அத்தா பினாங்கில் உழைத்து வாங்கியது, என் பிள்ளைகளுக்கும் அதில் ஒரு வரப்பு இருக்கட்டும். இதை அண்ணனிடம் சொன்னேன். அதன்பின் அவர் என்னிடம் பேசியதெல்லாம் பிள்ளைகள் வழியாகத்தான்.

ஆகவே, சொத்துப் பேச்சு உள்ள வீடாக இருந்தால் கிளம்பும் முன்பே யோசித்துவிடுங்கள். கொடுப்பது என்று முடிவானால் நேரில் போய் நிற்க வேண்டியதில்லை. நீங்கள் இருக்கும் நாட்டிலுள்ள இந்தியத் தூதரகத்தில், உங்களுக்காக இன்னொருவர் கையெழுத்துப் போட அதிகாரம் தரும் பவர் பத்திரத்துக்கு அத்தாட்சி வாங்கி அனுப்பலாம். அது இந்தியாவுக்கு வந்துசேர்ந்த 3 மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை கட்டிவிட வேண்டும். பொதுப் பவர் மட்டும் கொடுக்காதீர்கள். எந்தச் சர்வே எண், என்ன காரியம் என்று அந்த ஒன்றுக்கு மட்டும் எழுதுங்கள். நிலத்தை உடனே விட்டுவிட வேண்டும் என்று யாராவது பயமுறுத்தினால், ஓசிஐ வைத்திருப்பவர் விவசாய நிலம் வாங்கத்தான் கூடாது, வாரிசாக வருவதை வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லுங்கள்.

மிஞ்சிய நேரத்தில் மலைக்கு ஏறி இறங்கியதோடு சரி. தங்குவதாக இருந்தால் நாமக்கல்லில் தங்கி, விடியற்காலை ஃபஜ்ர் தொழுதுவிட்டு ஏறுவது நல்லது. மேலே உள்ள சின்ன லாட்ஜ்களில் வெளிநாட்டுப் பாஸ்போர்ட்டைக் கண்டதும் ரூம் இல்லை என்று சொல்லிவிடக்கூடும். வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் ஆன்லைனில் தகவல் கொடுக்க வேண்டும், அந்த வேலைக்குச் சோம்பல்படுகிறார்கள். போனிலேயே கேட்டுவிட்டு ரூம் போடுங்கள். ஆடி 18-ஐ ஒட்டி, கொல்லிமலையை ஆண்ட வல்வில் ஓரிக்கு எடுக்கும் விழாக் கூட்டம், அப்போது ரூமும் கிடைக்காது, வளைவுகளில் வண்டியும் நகராது.

வாடகை வண்டியைத் திருச்சியிலேயே பேசுங்கள். டிரைவர் பேட்டா, மலை ஏறுவதற்கான தனிக் காசு எல்லாம் ஏறும் முன்பே முடிவாகட்டும். அண்ணன் தம்பி ஏற்பாடு செய்து தரும் வண்டி மலிவாகத்தான் இருக்கும், ஆனால் அது எந்த வழியாகப் போனாலும் ரிஜிஸ்டர் ஆபீஸில் ஒரு தடவை நின்றுவிட்டுத்தான் போகும்.